பழவேற்காடு ஏரிக்குள் ஸ்கூட்டரை இறக்கிய கதை

நான் ஆசைப்பட்டது கட்ச் போகத்தான். குஜராத்தில் இருக்கிறதே, அந்த வெள்ளை உப்புப் பாலைவனம். மழைக்காலத்தில் கடல் மாதிரி தண்ணீர் நிற்கும், மழை விட்டபின் வற்றி வற்றி, பனிக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பு பூத்துக் கிடக்கும். அந்த உப்பு நிலத்துக்கு ரண் என்று பேர்; பக்கத்துச் சின்ன ரண்ணில் காட்டுக் கழுதைகளுக்கென்றே கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டரில் ஒரு சரணாலயம். இதற்காகவே இரண்டு வருஷம் சீட்டு கட்டினேன். சீட்டு எடுத்த மாசம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. பணம் அங்கே போனது. போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆசை மட்டும் அடங்கவில்லை.

நாங்கள் இருப்பது தடாவில். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, அடுத்து நாங்கள். வீட்டிலும் தெருவிலும் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. வீட்டுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். பெயர் தமிழ்நாட்டு ஊருடையது, ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஏரி என்பதால் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஒருநாள் ராத்திரி படுத்திருக்கும்போது திடீரென்று தோன்றியது: இதுவும் வெயில் ஏற ஏற வற்றுகிறது, இதிலும் உப்பு பூக்கிறது, அங்கே போலவே இங்கேயும் பிளமிங்கோ என்கிற பூநாரை வருகிறது. நம்ம ஊர் கட்ச் இதுதானே, இதற்கு எதற்கு ரயில் டிக்கெட்? அந்த நினைப்பு எனக்கு 12,550 ரூபாயும், இரண்டு நாள் சம்பளமும், ஒரு ஜோடி செருப்பும் செலவு வைத்தது.

போன மார்ச் இரண்டாவது ஞாயிறு. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமியாரிடம் சூலூர்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. நாற்பது வயதில் தனியாகப் பறவை பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். அந்தப் பொய்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தாக முடிந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டில் இருப்பவர்கள் கோயிலைச் சுற்றித்தான் தேடியிருப்பார்கள். அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: எங்கே போகிறீர்கள், எந்த ரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒரு ஆளிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

சூலூர்பேட்டையில் ஸ்ரீஹரிகோட்டா ரோடு பிரிகிற பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். கடைக்காரர் எங்கே போகிறாய் என்று கேட்டார். ராஜஹம்ச பார்க்க, கிட்டப் போய்ப் பார்க்க என்றேன். தெலுங்கில் பூநாரைக்கு அந்தப் பேர்தான். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அக்கட ஊபி உந்தம்மா" என்றார். அங்கே ஏதோ இருக்கிறதென்று புரிந்தது. ஊபி என்றால் என்னவென்று தெரியவில்லை. காய்கறிக்கும் ஆட்டோ வாடகைக்கும் போதுமான தெலுங்கு என்னுடையது. ஏதோ ஊர்ப் பேராக்கும் என்று நினைத்து, சரி சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். புரியாத வார்த்தைக்குத் தலையாட்டுகிற பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அந்த ரோடு ஏரியின் குறுக்கே போடப்பட்டது. கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் ஏரி, கடைசியில் ராக்கெட் ஏவுதளம். டிசம்பர் மழைக்குப் பிறகு வந்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் தளும்பும். மார்ச்சில் வேறு ஊர் மாதிரி இருக்கும். ஏரி ஆழமே சராசரியாக ஒரு மீட்டர்தான், வெயில் ஏறினால் வடக்குப் பக்கம் வேகமாக வற்றிவிடும். கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் புதுத் தண்ணீரும் வராது. மிச்சத் தண்ணீர் கடலைவிட உப்பாகும். ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். அன்று காலை ஆறரை மணிக்குப் பார்த்தபோது மாவு சலித்துக் கொட்டின மாதிரி இருந்தது. அழகுதான், பொய் சொல்லக்கூடாது. தூரத்தில் தண்ணீர் மினுங்குகிற இடத்தில் ஒரு வெளிறிய ரோஸ் கோடு. கோடு அசைந்தது. பூநாரைகள்.

ரோட்டிலிருந்து ஏரிக்குள் டயர்த் தடம் இறங்கியிருந்தது. நாலைந்து பைக் போன தடம். ஏரிக்குள் தீவு ஊர்கள் இருக்கின்றன, அந்த ஊர்க்காரர்கள் காய்ந்த காலத்தில் இப்படிக் குறுக்கே போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போகலாம் என்றால் நானும் போகலாம் என்று இறக்கினேன். அவர்களுக்கு எந்த மாசம், எந்தத் தடம், எது போன வாரம் காய்ந்தது, எது இன்னும் காயவில்லை என்று தெரியும். எனக்குத் தெரிந்தது போனில் பார்த்த கட்ச் வீடியோ மட்டும். இதில் இன்னொன்று, சின்ன ரண்ணுக்குள்ளேயே வெளியாட்கள் போவது வழி தெரிந்த உள்ளூர் டிரைவரோடுதான். வீடியோவில் அந்த டிரைவர் தெரிவதில்லை, வண்டி ஓடுவது மட்டும்தான் தெரிகிறது.

முதல் அரை கிலோமீட்டர் சிமெண்ட் தரை மாதிரி இருந்தது. அப்புறம் சத்தம் மாறியது. சக்கரத்துக்குக் கீழே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். டயர்த் தடம் இடது பக்கமாக வளைந்து போனது, பூநாரை வலது பக்கம். நான் வலது பக்கம் திருப்பினேன். இருபதடி போயிருப்பேன். முன்சக்கரம் சொய்யென்று இறங்கியது. ஆக்சிலேட்டரைத் திருகினேன், பின்சக்கரம் சுற்றிச் சுற்றித் தானே குழி தோண்டிக்கொண்டது. மேலே விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு, அதற்குக் கீழே கன்னங்கரேலென்று களி. அழுகின முட்டை நாற்றம். வண்டி கால் வைக்கும் பலகை வரை உட்கார்ந்துவிட்டது. ஸ்டாண்டே தேவையில்லை, அதுவாக நின்றது. சிக்கினால் ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள். உடனே எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவிடுங்கள். திருகத் திருக அரையடிப் பள்ளம் ஒரு அடியாகும், அப்புறம் அந்த வண்டி தனி ஆளுக்கு அசையாது.

இறங்கினேன். முழங்கால் வரை போனது. ஒரு காலைப் பிடுங்கினால் மற்ற கால் இன்னும் ஆழமாகப் போகிறது. செருப்பு இரண்டும் உள்ளேயே தங்கிவிட்டன. போனை எடுத்தேன். வருகிற வழியெல்லாம் வீடியோ எடுத்ததில் 11 சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், தூங்குகிறவர் எடுக்கவில்லை. மாமியாரைக் கூப்பிட்டால் கோயில் பொய் வெளியே வரும் என்று யோசித்தேன் பாருங்கள், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு! 112 என்று ஒரு நம்பர் இருப்பது நினைவுக்கே வரவில்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் சூடேறி அணைந்துபோனது. தலைக்கு மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து அடிக்கிற வெயில், போன் என்ன செய்யும். அது உயிரோடு இருக்கும்போதே முதல் போன் 112க்குப் போட்டிருக்க வேண்டும்.

பூநாரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருநூறு அடி தூரத்தில் இருப்பதாக நினைத்தவை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. மரமோ வீடோ இல்லாத சமதரையில் தூரம் கண்ணுக்குப் பிடிபடாது. வண்டிச் சத்தத்துக்கு முதலில் எல்லாக் கழுத்தும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அப்புறம் கூட்டமாக நடந்து தள்ளிப் போயின. நான் வண்டியோடு மல்லுக்கட்டிய சத்தத்தில் மொத்தமும் எழுந்துவிட்டது. நிற்கும்போது வெளுப்பாகத் தெரிகிற பறவை, இறக்கை விரித்தால் உள்ளே குங்குமச் சிவப்பும் ஓரத்தில் கறுப்பும். நானூறு ஐநூறு பறவை ஒன்றாகத் திரும்பும்போது வானம் ஒருமுறை சிவந்து அடங்கியது. வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான காட்சி அது, அதை நான்தான் கலைத்துவிட்டேன் என்பதும் அந்த நிமிஷமே தெரிந்தது. நாள் முழுக்கத் தலைகீழாகக் குனிந்து அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் பாசியும் தின்று உடம்பைத் தேற்றுகிற ஜீவன். நீண்ட தூரம் போக வேண்டியதை நான் ஒரு வீடியோவுக்காக விரட்டியிருக்கிறேன். ஏரி சட்டப்படி பறவைகள் சரணாலயம். உள்ளே வண்டி ஓட்டிப் பறவையைக் கலைப்பது குற்றம். வனத்துறை பிடித்திருந்தால் செலவு இன்னும் ஏறியிருக்கும், அதில் நியாயமும் இருந்திருக்கும்.

சரி, திரும்பி நடக்கலாம் என்று பார்த்தால் ரோட்டைக் காணோம். எல்லாப் பக்கமும் தண்ணீர் மாதிரி மின்னுகிறது. கானல். ரோட்டில் போகிற பஸ் தரையைவிட்டு ஒரு முழம் மேலே மிதந்து போகிறது, கொஞ்ச நேரத்தில் அதுவும் கரைந்துவிடுகிறது. வண்டித் தடத்தையே பிடித்துத் திரும்பினால் போதும் என்பது இப்போது எளிதாகத் தெரிகிறது. அன்று பயத்தில் பஸ்ஸைப் பார்த்து நேராக நடந்தேன், மறுபடி உளை. அரை லிட்டர் தண்ணீர்தான் கொண்டுபோயிருந்தேன், ஒன்பது மணிக்குள் தீர்ந்தது. உதட்டை நக்கினால் உப்பு. ஒரு இடத்தில் தொடை வரை இறங்கியதும் சத்தம் போட்டு அழுதேன். யாரும் இல்லாத இடத்தில் அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

அந்த அழுகைதான் காப்பாற்றியது. தூரத்தில் மிச்சத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் கேட்டிருக்கிறார்கள். அவர் ஓடி வரவில்லை. இருபதடி தள்ளியே நின்று, "ஏம்மா, ஆடாத. அப்படியே பின்னால சாஞ்சு உக்காரு" என்றார், பாதி தமிழ் பாதி தெலுங்கில். சேற்றில் உட்காருவதா என்று தயங்கினேன். "உக்காரும்மா! நின்னாத்தான் எறங்கும்." உட்கார்ந்தேன். பாரம் பரவினதும் இறங்குவது நின்றது. "இப்போ ஒரு காலை மெதுவா ஆட்டி ஆட்டி எடு. வெடுக்குனு இழுக்காத." பத்து நிமிஷம் ஆனது. இரண்டு காலும் வந்தபின், குழந்தை தவழுகிற மாதிரி கையும் முட்டியும் ஊன்றி அவர் பக்கம் போனேன். அந்த அம்மா தன் தூக்கு போணியிலிருந்து கஞ்சித் தண்ணீர் கொடுத்தார். அந்த ருசியை என்னவென்று எழுதுவது. உப்பே போடாமல் இருந்தது, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் சொல்லிக்கொண்டே வந்தது: வெள்ளை வெளேரென்று உப்பு பூத்த இடத்தில் கால் வைக்காதே, அடியில் ஈரம் இருந்து மேலே ஏறிக்கொண்டே இருப்பதால்தான் அங்கே உப்பு பூக்கிறது. தட்டுத் தட்டாக ஆழமாக வெடித்து மங்கலாகக் கிடக்கிற தரைதான் காய்ந்தது. உப்பு மண்ணில் வளர்கிற உமரிச் செடி முளைத்திருக்கிற மேட்டோரமாகவே நட. நான் கட்ச் வீடியோ பார்த்து எது அழகு என்று தேடிப் போனேனோ, அதுதான் இங்கே அபாயத்துக்கு அடையாளம். ஊபி என்றால் என்னவென்றும் அவரிடமே கேட்டேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நீ இவ்வளவு நேரம் இருந்தியே, அது" என்றார்.

வண்டியை எடுப்பது தனிக்கதை. டிராக்டர் கூப்பிடலாம் என்றேன், டிராக்டரை எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து நாலு பேர் பனைமட்டையும் இரண்டு பலகையும் கயிறும் கொண்டுவந்து, மட்டையைப் பரப்பிப் பலகை போட்டு, வண்டியைச் சாய்த்து, சேற்றின் பிடியை உடைத்து இழுத்தார்கள். மூன்று மணி நேரம். 3,000 ரூபாய் கொடுத்தேன், அது குறைவுதான். பெரியவர் காசு வாங்கவில்லை. ரோட்டிலிருந்து தடா வரை குட்டியானை லாரி வாடகை 1,200. மெக்கானிக் பெல்ட் கவரைக் கழற்றினால் உள்ளே களி. வீல் பேரிங், பிரேக் ஷூ, ஏர் பில்டர், வயரிங்கில் பாதி என்று 7,450. போனின் சார்ஜ் போடுகிற வாயில் உப்பு ஏறி அதற்கு 900. வண்டியை அன்று சாயங்காலமே நல்ல தண்ணீரில் அடியெல்லாம் பீச்சிக் கழுவியிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும் என்றார் மெக்கானிக். நான் மூன்று நாள் கழித்துக் கொண்டுபோயிருந்தேன். ரோட்டோடு போனாலும் ஏரிக்காற்றில் உப்பு இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி தண்ணீராவது ஊற்றுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் ஆபரேஷன் ஆன கண்ணால் நன்றாகவே பார்த்தார். இடுப்பு வரை சேறு, வெறுங்கால், தோல் உரிகிற முகம். "பிரசாதம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஜனவரியில் மறுபடி போனேன், இந்தத் தடவை மாமியாரையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, ஆட்டோவில். ரோட்டை விட்டு ஒரு அடி இறங்கவில்லை. இறங்கவே தேவையில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். டிசம்பர் மழையில் நிரம்பிய தண்ணீர் கொஞ்சம் வடிந்து முழங்கால் ஆழத்துக்கு வரும்போது பூநாரைகள் ரோட்டுக்கு நல்ல கிட்டத்திலேயே மேய்கின்றன. தண்ணீர் நிறைய இருந்தால் தள்ளிப் போய்விடும், மார்ச்சில் வற்றினால் நடு ஏரிக்குப் போய்விடும். அதனால் ஜனவரி, பிப்ரவரி. காலையில் போகும்போது கிழக்கே பார்த்துப் போவதால் வெயில் முகத்தில் அடிக்கும், ஒன்றும் தெரியாது. நிற்காமல் உள்ளே வரை போய்விட்டுத் திரும்பி வரும்போது நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். ஏவுதளத்தின் வாசலுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும், அங்கே போட்டோ எடுக்கக் கூடாது. ராக்கெட் விடுகிற நாளில் போகாதீர்கள், கூட்டமும் போலீஸுமாக இருக்கும். சூலூர்பேட்டையில் நடக்கிற பூநாரைத் திருவிழா நாட்களிலும் அப்படித்தான். நான் பார்த்தவரை ஏரி ரோட்டில் கடை இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சூலூர்பேட்டையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் ஒருவரிடம் பைனாகுலர் இரவல் வாங்கிப் போயிருந்தேன். மாமியார்தான் அதைக் கடைசிவரை தரவில்லை. காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகின் மேல்பக்கம் கீழே வருகிற மாதிரி வைத்து அது தண்ணீரை உறிஞ்சித் துப்புவதைப் பார்த்து, "மாவு அரைக்கிற மாதிரி இல்ல?" என்றார். கூட்டத்தில் சில சாம்பல் நிறமாக இருந்தன, அவை இளம் பறவைகள், தின்னத் தின்னத்தான் ரோஸ் நிறம் ஏறும் என்று சொன்னேன். எங்கே முட்டை போடும் என்று கேட்டார். கட்ச்சில், அந்த உப்புப் பாலைவனத்தில், சேற்றைக் கூம்பாகக் குவித்து அதன் தலையில் ஒரே ஒரு முட்டை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் கண்ணால உன் கட்ச் போச்சு" என்றார் அப்புறம். அதுதான் இங்கேயே வந்து நிற்கிறதே என்றேன்.

மிச்ச நேரத்தில் நேலப்பட்டு போனோம். சூலூர்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே, தொரவாரிசத்திரம் பக்கம். 1976இல் சரணாலயமாக அறிவித்தது. ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா கூடு கட்டுகிறது. கரையில் நடந்தே பார்க்கலாம், ஊபி பயமில்லை. வயசானவர்களோடு போவதென்றால் இதையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது அதே டீக்கடை. அவருக்கு என்னை நினைவிருந்தது, கதை ஊர் முழுக்கப் போயிருக்கும்போல. எங்கள் மூன்று பேரின் செருப்பையும் குனிந்து பார்த்துவிட்டு, "ஈரோஜு ரோடு மீதேனா அம்மா?" என்றார். ரோட்டு மேலேதான் என்றேன். என் டீயில் மட்டும் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார்.